தீக்குச்சி யார் கையில்? ‘ஃபாரன்ஹீட் 451’ நாவலின் மாறும் அட்டைகள்

1. கேள்வி

ரே பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’ 1953 அக்டோபரில் அமெரிக்காவில் வெளிவந்தது. புத்தகம் வைத்திருப்பது குற்றமாகிவிட்ட ஒரு காலத்தில், தீயை அணைப்பதற்குப் பதிலாகப் புத்தகங்களைக் கொளுத்துவதே தீயணைப்பு வீரர்களின் வேலை. அவர்களில் ஒருவனான மோன்டாக், எரிக்கும் இன்பத்திலிருந்து வாசிக்கும் துன்பத்துக்கு நகர்வதே கதை. எழுபது ஆண்டுகளில் இந்த நாவலுக்குப் பல மொழிகளில் எத்தனையோ அட்டைகள் வந்துவிட்டன. அவற்றில் பிரபலமானவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரே பொருள்தான் மீண்டும் மீண்டும் கண்ணில் படுகிறது: நெருப்பு.

புத்தக எரிப்பைப் பற்றிய நாவலுக்கு நெருப்பை வரைவதில் வியக்க ஒன்றுமில்லை. ஆனால் அட்டையில் நெருப்பு இருக்கும்போது வாசகர் அதற்கு எந்தப் பக்கத்தில் நிறுத்தப்படுகிறார்? கொளுத்துகிறவரின் பக்கத்திலா, எரிபடுகிறவரின் பக்கத்திலா, தெருவில் கூடி வேடிக்கை பார்ப்பவர்களின் பக்கத்திலா? ஒரு செவ்வியல் விஞ்ஞானப் புனைகதைக்குப் புதிய அட்டை செய்யும்போது அழகு, விற்பனை, மூலத்துக்கு நேர்மை ஆகிய மூன்றும் பேசப்படுகின்றன. வாசகருக்கு அட்டை ஒதுக்கும் இடம் அபூர்வமாகவே பேசப்படுகிறது. இந்த நாவலின் அட்டைகளை அந்தக் கோணத்தில் மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. அட்டையை இதுவரை எப்படிப் பார்த்திருக்கிறோம்

அட்டை என்பது சரக்கின் மேலுறை, கடைத்தட்டில் கண்ணைப் பறிப்பதே அதன் வேலை என்ற எண்ணம் பழையது. விஞ்ஞானப் புனைகதையின் பதிப்பு வரலாறு இதற்கு வேண்டிய அளவு சான்று தரும். 1926இல் ஹியூகோ கெர்ன்ஸ்பாக் தொடங்கிய ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ இதழுக்கு ஃபிராங்க் ஆர். பால் வரைந்த இராட்சத இயந்திரங்களும் வேற்றுக்கிரக உயிர்களும் கடை வாசலில் நிற்பவரைக் குறிவைத்தவை. அந்த மரபு நெடுநாள் நீடித்தது. ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலை 1950இல் அமெரிக்காவின் சிக்னெட் நிறுவனம் மலிவுப் பதிப்பாகப் போட்டபோது, அட்டையில் ஜூலியா கவர்ச்சியான உடையில், பாலுறவு எதிர்ப்புச் சங்கத்தின் சின்னத்தை அணிந்தபடி நின்றாள். ஒரு முழு அரசியல் அச்சம் தகாத காதல் கதையின் சாயலுக்குள் அடைபட்டது.

இதற்கு எதிர்நிலையில், அட்டையைப் பிரதியின் பகுதியாகவே காண்பவர்கள் உண்டு. பிரெஞ்சு இலக்கியக் கோட்பாட்டாளர் ஜெரார் ஜெனெட் 1987இல் வெளியிட்ட நூலில், தலைப்பு, முன்னுரை, அட்டை போன்றவற்றைப் பிரதியின் வாசலாகக் கருதி ஆராய்ந்தார். வாசிப்பு முதல் வரியில் தொடங்குவதில்லை, வாசலிலேயே தொடங்கிவிடுகிறது என்பது அந்த ஆய்வின் சாரம். அட்டை வடிவமைப்பாளர் பீட்டர் மெண்டல்சண்ட் 2014இல் எழுதிய நூல் ஒன்றில், வாசிக்கும்போது பாத்திரங்களின் முகத்தை நாம் முழுமையாகக் காண்பதே இல்லை, துண்டு துண்டாகவே உணர்கிறோம் என்று விளக்கினார். அப்படியானால் அட்டையில் ஒரு முகத்தைத் திட்டவட்டமாக வரைவது, வாசகரிடம் திறந்திருக்கும் ஒன்றை முன்கூட்டியே மூடுவதாகும்.

மூன்றாவதாக, அறம் சார்ந்த பார்வை ஒன்றும் இருக்கிறது. ஆக்டேவியா பட்லரின் ‘டான்’ நாவலின் நாயகி லிலித் கறுப்பினப் பெண். 1980களின் இறுதியில் வந்த பதிப்பின் அட்டையில் அவள் இடத்தில் வெள்ளைப் பெண் இருந்தாள். பிற்காலப் பதிப்புகள் இதைத் திருத்தின. அழகுக்காகவோ விற்பனைக்காகவோ செய்த மறுவடிவமைப்பு அல்ல இது. நாவலாசிரியருக்கும் அவருடைய பாத்திரத்துக்கும் இழைக்கப்பட்ட அநீதியை நீக்கியது.

இந்தப் பார்வைகள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் பிரதிக்கும் படத்துக்கும் உள்ள உறவைப் பேசுகின்றன. படத்துக்கும் அதைக் கையில் ஏந்தியிருப்பவருக்கும் உள்ள உறவு தனியாகப் பேசப்பட வேண்டும். டேவிட் பியர்சன் 2013இல் பெங்குவின் நிறுவனத்துக்காக ‘1984’ நாவலுக்குச் செய்த அட்டை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆரஞ்சு நிறப் பழைய பெங்குவின் அட்டையில் தலைப்பும் ஆசிரியர் பெயரும் கறுப்புப் பட்டையால் மறைக்கப்பட்டிருக்கின்றன. அச்சில் அழுத்திய எழுத்துகளின் பள்ளம் மட்டும் மிஞ்சியிருப்பதால், புத்தகத்தைச் சாய்த்து வெளிச்சம் படும்படி பிடித்தால் அவற்றைப் படித்துவிடலாம். தணிக்கை நடந்த பிறகும் படிக்க முயலும் குடிமகனின் இடம் வாசகருக்குக் கிடைக்கிறது. நாவலைத் திறக்கும் முன்பே அவர் அதன் உலகத்துக்குள் ஒரு செயலைச் செய்துவிடுகிறார்.

3. 1953: காகித மனிதன்

இயான் பாலன்டைனும் பெட்டி பாலன்டைனும் 1952இல் தொடங்கிய பாலன்டைன் புக்ஸ் புதிய நூல்களைக் கெட்டி அட்டையிலும் பேப்பர்பேக்கிலும் ஒரே நேரத்தில் வெளியிட்டது. ‘ஃபாரன்ஹீட் 451’ பேப்பர்பேக்கின் விலை 35 சென்ட். அந்நிறுவனத்தின் விஞ்ஞானப் புனைகதைகள் பலவற்றுக்கு ரிச்சர்ட் பவர்ஸ் கனவுத்தன்மை கொண்ட உருவங்களை வரைந்துகொண்டிருந்தார். 1953இல் வந்த ஆர்தர் சி. கிளார்க்கின் ‘சைல்ட்ஹுட்ஸ் எண்ட்’ அவற்றில் ஒன்று. பிராட்பரியின் நாவலுக்கோ ஜோசப் முக்னைனி வரைந்தார். இத்தாலியில் பிறந்து லாஸ் ஏஞ்சலஸில் வாழ்ந்த ஓவியர் அவர். அவருடைய படைப்புகளை ஓவியக் கூடம் ஒன்றில் பார்த்து ஈர்க்கப்பட்ட பிராட்பரி அவரைத் தேடிப் போனார். பல்லாண்டு நீடித்த கூட்டுறவு அது. விஞ்ஞானக் கதைகளுக்கு வரைபவர் என்ற முத்திரை இல்லாத ஒருவரிடம் இந்த அட்டை போனது நல்லூழ் என்றே கருதுகிறேன்.

அட்டையில் ஒரே ஒரு மனிதன். அவன் உடல் செய்தித்தாள்களால் ஆனது போலிருக்கிறது. காலடியில் புத்தகங்கள். சுற்றிலும் தீ. தலை குனிந்திருக்கிறது, இடக் கை நெற்றியை மறைக்கிறது, தொங்கும் வலக் கையில் காகிதத்தில் செய்தது போன்ற தீயணைப்பு வீரரின் தொப்பி. இடது ஓரத்தில் அருமையான கதைகள் என்பது போன்ற ஒரு சிறு விளம்பர வாசகமும் உண்டு. அந்தப் பதிப்பில் நாவலுடன் இரண்டு சிறுகதைகளும் சேர்ந்திருந்ததே காரணம்.

இந்தப் படம் பார்ப்பவரை எளிதில் விடுவதில்லை. தொப்பியைப் பார்த்தால் அவன் எரிக்கிறவன். உடம்பைப் பார்த்தால் அவனே எரிபடும் காகிதம். நெற்றியில் வைத்த கை வியர்வையைத் துடைக்கிறதா, அழுகையை மறைக்கிறதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. முதற்பார்வையில் அது வேலை முடித்த தொழிலாளியின் களைப்பு. இரண்டாம் பார்வையில் குற்றவுணர்வு. மோன்டாக் நாவல் முழுக்கக் கடந்துவரும் தூரத்தை முக்னைனி ஓர் அசைவில் அடக்கியிருக்கிறார். முகம் தெரியாததால் அவன் மோன்டாக்காகவும் இருக்கலாம், வேறு யாராகவும் இருக்கலாம்.

இதைவிட முக்கியமானது நாவலின் இறுதியோடு இந்தப் படத்துக்கு உள்ள உறவு. நகரத்தைவிட்டுத் தப்பியோடும் மோன்டாக், தண்டவாளத்தருகே கிரேஞ்சர் என்பவரின் தலைமையில் வாழும் நாடோடிகளைச் சந்திக்கிறான். அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு நூலையோ அதன் பகுதியையோ மனப்பாடம் செய்து சுமப்பவர்கள். அங்கே மனிதன் புத்தகமாகிவிடுகிறான். முக்னைனியின் காகித மனிதன் அந்த முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறான், ஆனால் நாவலைப் படித்து முடித்தவருக்கு மட்டுமே அது புரியும். படிக்கும் முன் ஒரு பொருளும் படித்த பின் வேறொரு பொருளும் தரும் அட்டைகள் குறைவு. பிற்காலப் பதிப்புகள் பல இந்த உருவத்துக்கே திரும்பி வந்ததில் பழம்பற்று மட்டுமே வேலை செய்ததாக எனக்குத் தோன்றவில்லை.

குறை ஒன்றும் உண்டு. இந்த அட்டையில் மற்ற மனிதர்கள் இல்லை. மோன்டாக்கின் மனைவி மில்ட்ரெட் நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும் சுவரளவு தொலைக்காட்சிகள் இல்லை. அவள் காதில் எப்போதும் ஒலித்துக்கொண்டிருக்கும் சிறு வானொலிகள் இல்லை. நெருப்புக்கு முன்பே நடந்துவிட்ட அழிவு படத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது.

4. தீக்குச்சி அட்டைகள்

2010களின் தொடக்கத்தில் எலிசபெத் பெரஸ் என்ற வடிவமைப்பாளர் இந்த நாவலுக்கு உருவாக்கிய மாதிரி அட்டை பரவலாகப் பாராட்டப்பட்டது. தலைப்பில் வரும் 451இன் கடைசி எண் ஒரு தீக்குச்சி. புத்தகத்தின் முதுகில் தீப்பெட்டியின் பக்கவாட்டில் இருப்பது போன்ற உரசு பட்டை. புத்தகத்தைக் கொண்டே புத்தகத்தைக் கொளுத்திவிடலாம்.

கருத்தளவில் இது மிகக் கூர்மையான வடிவமைப்பு. சொல்லையும் படத்தையும் பொருளையும் ஒரே புள்ளியில் இணைக்கிறது. வேறு எந்த நாவலுக்கும் இந்த அட்டை பொருந்தாது. நல்ல அட்டைக்கு அது ஓர் அடிப்படைத் தகுதி. எரிப்பதில் ஓர் இன்பம் இருந்தது என்ற உணர்வோடுதான் நாவலும் தொடங்குகிறது. அந்த இன்பத்தின் தூண்டுதலை வாசகரின் விரல்நுனிக்கே கொண்டுவருவது துணிச்சலான செயல்.

இதன் பக்கம் பேசும் இன்னொரு சான்றும் நாவலுக்குள் இருக்கிறது. தன் நூல்களைவிட்டு வெளியேற மறுக்கும் முதியவள் ஒருத்தி வருகிறாள். வீரர்கள் வீடெங்கும் மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு நிற்கிறார்கள். அவள் கையை விரிக்கிறாள். உள்ளே ஒரு சாதாரண அடுப்பங்கரைத் தீக்குச்சி. அவளே அதைக் கொளுத்திப் புத்தகங்களோடு எரிகிறாள். மோன்டாக்கைத் திருப்பிப் போடும் நிகழ்ச்சி இதுதான். ஆகவே நாவலின் மிக முக்கியமான தீக்குச்சி அரசின் கையில் இல்லை, அதை எதிர்த்தவளின் கையில் இருந்தது. தீக்குச்சியை அட்டையில் வைப்பது பிரதிக்கு வெளியிலிருந்து கொண்டுவந்த தந்திரம் என்று தள்ளிவிட முடியாது.

இருந்தும் இந்த அட்டையை முழுமையாக ஏற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது. அதில் கை இல்லை. முதியவளின் குச்சியா, வீரனின் குச்சியா என்ற வேறுபாடு அந்தக் கையில்தான் இருந்தது. கை இல்லாத இடத்தில் வாசகரின் கை வந்து சேர்கிறது, அவருக்குக் கிடைக்கும் பாத்திரமோ பெரும்பாலும் கொளுத்துகிறவருடையது. முக்னைனியின் அட்டையில் எரிப்பவனும் எரிபடுபவனும் ஒரே உடலாக இருந்தார்கள். இங்கே அந்த உடல் போய்விட்டது. கருவி மட்டும் மிஞ்சியிருக்கிறது.

நெருப்பும் தீக்குச்சியும் அழிவை ஒரு நொடிச் செயலாகக் காட்டுகின்றன என்பது இன்னொரு சிக்கல். நாவல் சொல்வது வேறு. தீயணைப்புத் தலைவன் பீட்டி மோன்டாக்கிடம் விரிவாக எடுத்துரைக்கும் வரலாற்றின்படி, அரசு ஆணையிட்டு இது தொடங்கவில்லை. நூல்கள் சுருக்கப்பட்டன, சுருக்கங்களும் சுருங்கின, யார் மனமும் புண்படாதபடி எல்லாம் மழுங்கின, மக்கள் தாமாகவே படிப்பதை விட்டார்கள். கொளுத்துகிறவர்கள் பிறகுதான் வந்தார்கள். பிராட்பரி 1956இல் அளித்த வானொலி நேர்காணல் ஒன்றில், மெக்கார்த்தி காலத்து அச்சமும் புத்தக எரிப்பு பற்றிய கவலையும் நாவலுக்குத் தூண்டுதல் என்றார். 2007இல் ‘எல்.ஏ. வீக்லி’ இதழிடம், இது அரசுத் தணிக்கை பற்றிய நாவல் அல்ல, தொலைக்காட்சி வாசிப்பின் மீதான ஆர்வத்தை அழிப்பது பற்றியது என்று வற்புறுத்தினார். ஆசிரியரின் பிந்தைய விளக்கத்தை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள வேண்டியதில்லை. ஐம்பது ஆண்டு இடைவெளியில் அவர் பார்வையும் நகர்ந்திருக்கும். ஆனால் பீட்டியின் பேச்சு 1953இலேயே பிரதிக்குள் இருக்கிறது. இரண்டு அச்சங்களையும் நாவல் சேர்த்தே சுமக்கிறது, தீக்குச்சி அட்டைகளோ ஒன்றை மட்டும் சுமக்கின்றன.

5. பொருளே அட்டையாகும்போது

இந்த நாவலுக்குப் படத்தால் அல்லாமல் பொருளால் பேசும் பதிப்புகளும் உண்டு. 1953இலேயே பாலன்டைன் 200 பிரதிகளை மட்டும் கல்நாரால் கட்டமைத்து, எண்ணிட்டு, பிராட்பரியின் கையொப்பத்துடன் வெளியிட்டது. தீப்பற்றாத அட்டை. உள்ளே இருந்ததோ எளிதில் எரியும் சாதாரணத் தாள். வாசகரை இது காவலராக்குகிறது. கல்நார் இழைகள் நுரையீரலைக் கெடுப்பவை, புற்றுநோய் தருபவை என்பது பின்னாளில் பொது அறிவாகியது. நூலைக் காக்கும் உறை அதைத் தொடுகிறவருக்குத் தீங்கானது என்ற உண்மை, அந்தப் பதிப்பைச் சேகரிப்பாளர்களின் கண்ணாடிப் பேழைக்குரியதாக மாற்றிவிட்டது.

2017 வாக்கில் சூப்பர் டெரைன் என்ற பிரெஞ்சு வடிவமைப்புக் குழு நேர்மாறான வழியைப் பிடித்தது. பக்கங்கள் முழுக்கக் கறுப்பு. சூடு பட்டால் கறுப்பு விலகி எழுத்து தெரியும். ஆறினால் மீண்டும் மறையும். முன்பதிவுக்கு வைத்த விலை 451 டாலர். விலை ஒரு விளம்பர உத்திதான். ஆனால் அடிப்படைக் கருத்து நாவலின் நுட்பமான ஓரிடத்தைத் தொடுகிறது. நாடோடிகளின் முகாமை நெருங்கும் மோன்டாக் தூரத்தில் ஒரு நெருப்பைக் காண்கிறான். அது எரிக்காமல் குளிர்காய வைக்கும் நெருப்பு என்பதை உணர்கிறான். நெருப்பு கொடுக்கவும் செய்யும் என்பது வாழ்நாள் முழுவதும் நெருப்போடு வேலை செய்தவனுக்கு அப்போதுதான் தெரிகிறது. தீயின் இந்த இரட்டைத்தன்மையை நான் அறிந்த மறுவடிவமைப்புகளில் இதுவே நேராக எடுத்துக்கொண்டிருக்கிறது.

கல்நார்ப் பதிப்பின் வழித்தோன்றலாக 2022இல் மார்கரெட் அட்வுட்டின் ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ நாவலுக்கு எரியாத பதிப்பு ஒன்று வந்தது. ஒரே பிரதி. அட்வுட்டே தீ உமிழும் கருவியை அதன்மேல் செலுத்திக் காட்டினார். சாதபீஸ் ஏலத்தில் 1,30,000 டாலருக்குப் போய், தொகை பென் அமெரிக்கா அமைப்புக்குச் சென்றது. அமெரிக்கப் பள்ளிகளிலும் நூலகங்களிலும் நூல்கள் விலக்கப்பட்டுவந்த நேரத்தில் அது பயனுள்ள எதிர்ப்பு. வாசிப்பதற்கான பதிப்பாக அதைக் கருத முடியாது.

6. அட்டை மூடி மறைத்தது

அட்டை பற்றிய எந்த விவாதமும் இந்த நாவலின் வரலாற்றில் உள்ள ஒரு கசப்பான நிகழ்ச்சியைத் தாண்டிச் செல்லக் கூடாது. 1967இல் பாலன்டைன் உயர்நிலைப் பள்ளிகளுக்கான பதிப்பைக் கொண்டுவந்தபோது, 75க்கும் மேற்பட்ட இடங்களில் பிரதி மாற்றப்பட்டது. வசைச்சொற்கள் நீங்கின, கருக்கலைப்பு என்ற சொல் போயிற்று, குடிபோதையில் இருந்தவன் நோயாளியானான். ஆசிரியருக்கு இது தெரியாது. சில ஆண்டுகள் இரண்டு பதிப்புகளும் சேர்ந்து விற்றன. 1973 முதல் வெட்டுப்பட்ட பிரதி மட்டுமே கடைக்கு வந்தது. வாசகர்களின் வழியாக உண்மை தெரிந்த பிராட்பரி முறையிட்ட பிறகு, 1979இல் முழுப்பிரதி மீண்டது. அந்தப் பதிப்பின் பின்னுரையில் தன் கோபத்தை அவர் பதிவுசெய்தார்.

தணிக்கையைக் கண்டிக்கும் நாவல், அதே தலைப்போடும் அதே ஆசிரியர் பெயரோடும், தணிக்கை செய்யப்பட்டு ஆறாண்டுகள் விற்றிருக்கிறது. அட்டை அதற்குத் துணைநின்றது. பீட்டி விவரித்த வரலாறு இதுவே: தீ இல்லை, ஆணை இல்லை, யாருடைய மனமும் புண்படக் கூடாது என்ற நல்லெண்ணம் மட்டும். எந்தத் தீச்சுவாலை அட்டையாலும் இந்த வகை அழிவைக் காட்ட முடிந்ததில்லை. முழுப்பிரதியா, எந்த ஆண்டின் பிரதி என்ற தகவலைத் தெளிவாக அச்சிடுவதும் அட்டை வடிவமைப்பின் பொறுப்பே என்று நான் கருதுவதற்கு இந்நிகழ்ச்சிதான் காரணம்.

7. தமிழ் வாசகரின் முன்

இந்நாவல் வெ. ஸ்ரீராமின் மொழிபெயர்ப்பில் க்ரியா வெளியீடாகத் தமிழுக்கும் வந்திருக்கிறது. எரியும் புத்தகம் தமிழ் வாசகருக்கு எதிர்காலக் கற்பனை அல்ல. 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் கொளுத்தப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் அழிந்தன. அமெரிக்கக் கடைத்தட்டில் சாமர்த்தியமாகத் தெரியும் தீக்குச்சி, அந்த நினைவு உள்ளவர் முன்னால் கனமாகிவிடும். ஒரே அட்டையை எல்லா மொழிச் சந்தைகளுக்கும் அப்படியே அனுப்பும் வழக்கம் இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொள்வதில்லை. எரிப்பவரின் இடத்தில் யாரை நிறுத்துகிறோம் என்ற கேள்வி இங்கே வெறும் அழகியல் கேள்வியாக இருக்க முடியாது.

8. அடுத்த அட்டைக்கு

ஃபிரான்சுவா த்ரூஃபோ 1966இல் இந்நாவலைப் படமாக்கியபோது, தொடக்கத்தில் வரும் பெயர்களைத் திரையில் எழுதிக் காட்டாமல் குரலால் வாசிக்க வைத்தார். எழுத்து தடைசெய்யப்பட்ட உலகத்துக்குள் பார்வையாளர் எழுத்தின்றியே நுழைந்தார். நெருப்பை ஒரு கணமும் காட்டாமல் அந்த உலகத்தின் விதியை உணர்த்திய தீர்வு அது. பியர்சனின் கறுப்புப் பட்டையும் அந்த வகையைச் சேர்ந்தது. ‘ஃபாரன்ஹீட் 451’ நாவலுக்கு அத்தகைய அட்டை இன்னும் வரவேண்டியிருக்கிறது. மில்ட்ரெட்டின் சுவர்கள் காத்திருக்கின்றன. காதுக்குள் ஒலிக்கும் சிப்பி வானொலி, ஐம்பதுகளில் புதுமையாகத் தெரிந்திருக்கலாம்; இன்று ஏறக்குறைய ஒவ்வொருவர் காதிலும் இருக்கிறது. ஆற்றங்கரையில் நூல்களை நெஞ்சில் சுமந்து நடக்கும் மனிதர்களின் வரிசையும் இருக்கிறது. இவை வாசகரை எரிப்பவராக்காமல், மறந்தவராகவோ நினைவில் வைத்திருப்பவராகவோ நிறுத்தக்கூடியவை.

இதுவரை வந்தவற்றுள் முக்னைனியின் காகித மனிதனே முதலிடத்தில் நிற்கிறான் என்பது என் தீர்ப்பு. அவனை மிஞ்ச நினைக்கும் வடிவமைப்பாளரிடம் பதிப்பகங்கள் கதைச்சுருக்கத்தைக் கொடுத்து ஒரு வாரத்தில் படம் கேட்கக் கூடாது. முழுப்பிரதியையும், படித்து முடிக்கப் போதுமான காலத்தையும் கொடுக்க வேண்டும். அட்டையின் உட்புறத்தில் அவர் பெயரையும் அச்சிட வேண்டும்.